கட்டோலேயில் இல்லாத கிணறு

லிண்டால்வாவின் காதில் விழும்படி ‘சராசரி’ என்று சொல்வதற்கு முன்னால் உட்கார ஒரு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. எதற்குச் சராசரி, எதை எதோடு கூட்டினாய், கூட்டலாம் என்று உனக்கு யார் சொன்னது என்று வரிசையாக மூன்று கேள்வி வரும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் சுகாதார நிலையத்து மருத்துவரே அவள் முன்னால் வாயை அளந்துதான் திறப்பார்.

ஆள் என்னவோ ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல். வயது ஐம்பத்திரண்டு. பிரேசிலின் வடகிழக்கில், வருஷத்துக்கு எட்டு மாதம் மழை எட்டிக்கூடப் பார்க்காத எங்கள் காய்ந்த சீமையில், கட்டோலே என்கிற சிற்றூருக்கு அவள்தான் சுகாதாரப் பணியாளர். நீலச் சட்டை, அகலத் தொப்பி, தோளில் ஒரு பை. பைக்குள் குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஒரு கட்டுப் படிவம். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. நெடுஞ்சாலையை ஒட்டிக் கீழே இருபத்தெட்டு, மேட்டின்மேல் பதினாலு. இருபத்து நாலு வருஷமாக மாதம் ஒருமுறை அத்தனை வீட்டுக்கும் நடந்திருக்கிறாள். போன வீட்டில் எல்லாம் காப்பி வரும். ஒரு மடக்காவது குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டை அவமதித்ததாக அர்த்தம். “என் ரத்தத்த வடிகட்டினா அரை கிலோ காப்பித்தூள் தேறும்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

படிவத்தில் பாதிக் கேள்விக்கு எண்தான் பதில். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் என்றால் ஒன்று, கிணறு என்றால் இரண்டு, மழைநீர்த் தொட்டி என்றால் மூன்று, தண்ணீர் லாரி என்றால் நாலு. எழுத இடம் பற்றாது என்பதற்காக வைத்த எண்கள். அவற்றுக்கு வேறு எந்தப் பெருமையும் கிடையாது. இது லிண்டால்வாவுக்குத் தெரியும். தெரியாத புண்ணியவான் ஒருவன் பின்னால் வருவான்.

அவளுக்கும் பிறந்த அன்றே தெரிந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வெயிலில் வந்தவள், பெட்டிக்குள் இருந்த வெப்பமானி இரண்டு பாகையிலிருந்து நாலு பாகைக்கு ஏறியதைப் பார்த்து அலறிவிட்டாள். “சூடு ரெண்டு மடங்காயிடுச்சு! மருந்து எல்லாம் போச்சு!” நிலையமே கூடிவிட்டது. செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டு, “எட்டு வரைக்கும் ஒண்ணும் ஆகாதுடி. அது சரி, சுழியத்துல இருந்தா பெட்டில சூடே இல்லேன்னு அர்த்தமா? சுழியத்துக்குக் கீழ போனா பெட்டி நமக்குச் சூடு பாக்கி வச்சிருக்குன்னு அர்த்தமா?” என்று கேட்டார். கூடி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாதம் அவளுக்கு ‘ரெண்டு மடங்கு’ என்றே பேர். அந்த அவமானம்தான் அவளை யோசிக்க வைத்தது. யோசிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை.

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஆறு கிலோ ஆனால், ரெண்டு மடங்கு என்று தாராளமாகச் சொல்லலாம். எடை அளவு, சுழியம் என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள். வெப்பமானியில் இத்தனை பாகை ஏறிற்று, இத்தனை இறங்கிற்று என்று சொல்லலாம், மடங்கு பேசக் கூடாது. வலி எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம், நடுத்தரம், தாங்க முடியவில்லை என்கிறார்களே, அது வெறும் வரிசை. எது எதைவிட அதிகம் என்பதோடு சரி. எவ்வளவு அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டுக் கூரை எது, ரத்தம் என்ன வகை, இதெல்லாம் வெறும் பேர். எண்ணைப் போட்டு எழுதினாலும் பேர் பேர்தான். படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் ‘பேர்’, ‘வரிசை’, ‘பாகை’, ‘அளவு’ என்று குறித்து வைத்திருந்தாள். பின்னாளில் தலைநகரில் நடந்த ஒரு பயிற்சியில், மாறிகளை இப்படித்தான் வகை பிரிப்பார்கள் என்று பேராசிரியர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். லிண்டால்வா பக்கத்தில் இருந்தவளிடம், “இத நான் ஆறு வருஷமா பென்சில்ல எழுதிட்டிருக்கேன்” என்றாள்.

வீட்டிலும் அதே தொல்லைதான். ஆடு வளர்க்கிற அவள் புருஷன் ஜெனிவால் ஒருநாள் ஆசையாக, “ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள, என்மேல எவ்ளோ பிரியம்?” என்று கேட்டுவிட்டான்.

“ஏழு.”

“போன வருஷம் பத்து சொன்னியே! மூணு கொறஞ்சிடுச்சா?”

“அது வரிசைய்யா. அதுல கூட்டறதும் கழிக்கிறதும் கூடாது. போய் ஆட்டைப் பாரு.”

இப்படிப்பட்டவள் தலையில்தான் அந்த ஆகஸ்டு மாதம் கல் விழுந்தது.

மேட்டு வீடுகள் பதினாலுக்கும் நகராட்சியின் தண்ணீர் லாரிதான் கதி. வாரம் ஒரு லாரி வந்து பீப்பாய்களை நிரப்பிவிட்டுப் போகும். ஒரு திங்கட்கிழமை லாரி வரவில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டோலே கிணற்று நீர் வசதி பெற்ற ஊர் என்று கணக்கெடுப்பில் தெரியவந்துள்ளதால் லாரி நிறுத்தப்படுகிறது, என்று அதில் இருந்தது.

கட்டோலேயில் கிணறு கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. அடியில் முழுக்கப் பாறை.

மறுநாள் லிண்டால்வா மேட்டுக்குப் போனபோது முதல் வீட்டுக் கித்தேரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். லிண்டால்வாவைவிடப் பத்து வயது மூத்தவள். நாக்கு மட்டும் இன்னும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது.

“வாடியம்மா மகராசி! எங்க கிணறு எங்கடி இருக்கு? சொல்லு, வாளிய எடுத்துட்டு வரேன்.”

“அக்கா, நான் கிணறுன்னு எழுதல.”

“பின்ன யாரு எழுதினா, பேயா? இருவத்து நாலு வருஷமா எங்க அடுப்படி வரைக்கும் வந்து எழுதிட்டுப் போறவ நீ ஒருத்திதானே?”

“நாலுன்னுதான் எழுதினேன், சத்தியமா. லாரின்னா நாலு.”

“நாலோ நாப்பதோ! நேத்து இந்தக் காலை வச்சுக்கிட்டு ரோட்டு வரைக்கும் ரெண்டு தடவை கொடம் தூக்கியிருக்கேன். போ, போய் உன் கிணத்துல எறச்சுக் குடி.”

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் கதவு திறந்திருந்தது, காப்பி வரவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் வரவில்லை. பதினாலு வீடும் ஏறி இறங்கி ஒரு சொட்டுக் காப்பி இல்லாமல் திரும்பியது வேலைக்குச் சேர்ந்த நாளாக இதுதான் முதல் தடவை. தன் பேர் போனது ஒரு பக்கம். தன் கையால் எடை போட்டு வளர்த்த பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடப்பது இன்னொரு பக்கம். வழியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, நேரே நகராட்சிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தான் டாக்டர் எவரால்டோ. ஊசி போடத் தெரியாது, மருந்தெழுதத் தெரியாது. கல்லூரி முடித்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் டாக்டர்தான். நல்ல பையன், உழைப்பாளி. படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றி, எல்லாப் பத்திக்கும் ஒரே அமுக்கில் சராசரி எடுத்துவிட்டான். கணினிக்கு என்ன போச்சு? போடு என்றால் போடும்.

“பாருங்கக்கா, கட்டோலேக்குத் தண்ணி சராசரி ரெண்டு. பின்னமே கெடையாது, சுத்தமா ரெண்டு. ரெண்டுன்னா கிணறு.”

“தம்பி, நாப்பத்திரண்டு வீட்டுல ஒரு வீட்டுக்குக்கூட நான் ரெண்டு போடல. இருவத்தெட்டு வீட்டுக்கு ஒண்ணு, பதினாலு வீட்டுக்கு நாலு.”

“தனித்தனியா பாத்தா அப்படித்தான் இருக்கும். மொத்தமா பாக்கணும்ல?”

கேட்டீர்களா நியாயத்தை! கீழே குழாய், மேலே லாரி, நடுவில் கணினி தோண்டியது கிணறு. லிண்டால்வா பேர், வரிசை, பாகை, அளவு என்று முழுப் பாடத்தையும் ஆரம்பித்தாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கைபேசியைப் பார்த்தான்.

“அக்கா, ஊருங்க எல்லாத்துக்கும் கடிதாசி போயாச்சு. அடுத்த வாரம் வியாழக்கிழமை நகரமன்றக் கூட்டம். பொதுமக்களுக்கு மூணு நிமிஷம் கொடுப்பாங்க, அங்க பேசுங்க. எந்த ஊருக்கு லாரின்னு போட்ட பட்டியல அன்னிக்கு மன்றம் ஏத்துக்கிச்சுன்னா, வருஷக் கடைசி வரைக்கும் யாராலயும் மாத்த முடியாது.”

வருஷக் கடைசி என்றால் டிசம்பர். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் மேட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் இருக்காது.

அடுத்த வியாழன் வரைக்கும் பேச்சை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஜெனிவாலை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். இரண்டாம் பக்கத்தில் அவன் குறட்டை விட்டான். எழுப்பியதும், “ரொம்ப நல்லாருக்கு. ஆனா மூணு நிமிஷத்துல நீ வணக்கம் சொல்லியே முடிக்க மாட்டே” என்றான். அவன் மேல் செருப்பு பறந்தது.

வியாழக்கிழமை மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. மேட்டுச் சனம் பதினாலு வீட்டிலிருந்தும் ஒரு பழைய வண்டியில் நெருக்கியடித்து வந்திருந்தது. கித்தேரியா காலி வாளி ஒன்றைக் கொண்டுவந்து முதல் வரிசையில் டங்கென்று வைத்துவிட்டு, லிண்டால்வா பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தாள். மேடையில் மன்றத் தலைவர் அடெர்பால், நல்ல தொப்பையும் நல்ல மீசையும். பக்கத்தில் கணினியோடு எவரால்டோ.

லிண்டால்வா ஒலிபெருக்கியைப் பிடித்து முதல் தாளைப் படித்தாள். “மாறிகள் நான்கு வகைப்படும்...” கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவி வரிசை வரிசையாகப் பரவியது. ஒரு நிமிஷம் போயிற்று. தலைவர் மணியைத் தொட்டார். லிண்டால்வா அடுத்த தாளைப் புரட்டினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நிமிர்ந்தவள் கண்ணில், தலைவரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு சின்ன மஞ்சள் சீட்டு பட்டது.

அந்தச் சீட்டைத் தெரியாதவர்கள் எங்கள் நாட்டில் இல்லை. இருபத்தைந்து மிருகங்களுக்கு எண் வைத்து ஆடுகிற சூதாட்டம். சட்டப்படி தடை. ஆனால் முளைத்து மூன்று இலை விடாததற்குக்கூட எண்கள் மனப்பாடம். கனவில் பாம்பு வந்தால் ஒன்பதில் கட்டு, பசு வந்தால் இருபத்தைந்தில் கட்டு. சீட்டு விற்கிறவர் நகராட்சி வாசலிலேயேதான் உட்கார்ந்திருப்பார்.

லிண்டால்வா தாள்களைக் கீழே போட்டாள்.

“தலைவரே, கழுதைக்கு என்ன நம்பர்?”

“மூணு” என்றார் தலைவர், பட்டென்று. அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. “அதாவது... கேள்விப்பட்டிருக்கேன்.”

கூடம் வெடித்துச் சிரித்தது. சூதாட்டத்தை ஒழிப்பேன் என்று தேர்தலில் முழங்கியவர் அவர்தான்.

“சேவலுக்கு?”

இந்தத் தடவை கூடமே பதில் சொன்னது. “பதிமூணு!”

“மூணையும் பதிமூணையும் கூட்டினா?”

“பதினாறு!”

“அதுல பாதி?”

“எட்டு!”

“எட்டு என்ன மிருகம்?”

“ஒட்டகம்!”

“என் வீட்டுக் கொட்டாயில ஒரு கழுதை நிக்குது, ஒரு சேவல் நிக்குது. டாக்டர் தம்பி கணக்குப்படி சராசரியா என் வீட்டுல ஒட்டகம் நிக்குது. யாராவது வந்து பாத்து, எந்த மூலைல நிக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க சாமி! பால் கறக்கணும்.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சரிந்தது. எவரால்டோ முகம் சிவக்க எழுந்தான்.

“தலைவரே, அது சூதாட்டம். இது புள்ளிவிவரம்!”

“ரெண்டுலயும் எண்ணுக்கு ஒரே வேலைதான் தம்பி. பேருக்குப் பதிலா நிக்குது. மூணுங்கிறது கழுதையோட பேரு. நாலுங்கிறது லாரியோட பேரு. பேரையும் பேரையும் கூட்டினா என்ன வரும்?”

“அப்படின்னா நீங்க கொடுக்கிற கொழந்தைங்க எடையையும் சராசரி போடக் கூடாதா? மாசாமாசம் போடறோமே?”

“அதைத் தாராளமா போடு! எடை நெசமான அளவு. கித்தேரியாக்கா பேரன் பொறந்தப்ப மூணு கிலோ, இப்ப ஆறு. அதக் கூட்டு, பெருக்கு, உன் இஷ்டம். ஆனா தண்ணி எங்கேருந்து வருதுங்கிறத எண்ணத்தான் முடியும். குழாய் இருவத்தெட்டு வீடு, லாரி பதினாலு வீடு, கிணறு ஒண்ணுமில்ல. அவ்ளோதான் கணக்கு. அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதினாலும் பொய்.”

மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. தலைவர் சீட்டை உள்ளே தள்ளிவிட்டு, தொண்டையைக் கனைத்து, “கட்டோலேல கிணத்தைக் கண்ணால பாத்தவங்க கை தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை. எவரால்டோ தன் திரையை ஒருமுறை பார்த்தான். எதிரே இருந்த காலி வாளியைப் பார்த்தான். அவன் கையும் மேசைமேலேயே இருந்தது.

“லாரி நாளைக்கே மேட்டுக்குப் போகணும். பட்டியல நிறுத்தி வைக்கிறோம். டாக்டர், மத்த ஊருங்களயும் நேர்ல போய் எண்ணிட்டு வாங்க” என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் கித்தேரியா லிண்டால்வாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேட்கத் தெரியாது. “ஏண்டி, இத்தனை அறிவு வச்சிருக்கிறவ அன்னிக்கே என்கிட்ட கழுதை சேவல்னு சொல்லியிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்?” என்றாள். லிண்டால்வா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை லாரி மேட்டில் ஏறியது.

இதோடு முடிந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். சனிக்கிழமை காலையில் எவரால்டோ நகராட்சி ஜீப்போடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, இன்னும் அஞ்சு ஊருக்கு ரெண்டுன்னு வந்திருக்கு. எனக்குத் தனியாப் போக தைரியம் இல்ல. கூட வரீங்களா?”

லிண்டால்வா தொப்பியை எடுத்துக்கொண்டு ஏறினாள். நாலு ஊர் ஒரு வழியாக முடிந்தது. இரண்டில் நிஜமாகவே கிணறு இருந்தது, இரண்டில் சனம் கன்னாபின்னாவென்று திட்டியது. திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு அவன் வீடு வீடாக எண்ணினான். கடைசி ஊர் கள்ளிக்காட்டுக்குள், சாலையிலிருந்து வெகு தூரம். சாலையோரத்தில் பதினெட்டு குழாய் வீடு, உள்ளே ஒன்பது லாரி வீடு. சேர்த்துச் சராசரி போட்டால் இங்கேயும் சுத்தமான இரண்டு.

உள்ளே போனபோது ஒன்பது வீட்டிலும் ஆள் இல்லை. சத்தம் வந்த பக்கம் நடந்தார்கள். மரத்தடியில் பெரிதாக ஒரு குழி. மூன்று ஆள் ஆழம். உள்ளே இரண்டு பேர் கடப்பாறையோடு நின்றார்கள். மேலே பெண்கள் கயிற்றில் மண் கூடையை இழுத்துக் கொட்டினார்கள். குழியின் அடியில் ஈரம் என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, பத்திரமாகப் பிரித்துக் காட்டினார். நகராட்சி அனுப்பிய அதே கடிதம்.

“வந்துட்டீங்களா டாக்டர், நல்லதாப் போச்சு. எங்க ஊர்ல கிணறு இருக்குன்னு எழுதியிருக்கு. எங்களுக்குத் தெரியல. ஆனா படிச்சவங்க கணக்குப் பண்ணிச் சொல்லும்போது சும்மாவா சொல்வாங்க? பதினோரு நாளா தேடிட்டிருக்கோம். இன்னும் எவ்ளோ தோண்டணும்னு சொல்லிட்டீங்கன்னா போதும்.”

லிண்டால்வா தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எவரால்டோ அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்தான்.

“கிணறு இல்லீங்க ஐயா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டேன். மன்னிச்சிடுங்க.”

பெரியவர் தாளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். திட்டவில்லை. கீழே குனிந்து, “மேல வாங்கப்பா, தோண்டினது போதும்” என்று மட்டும் சொன்னார்.

ஏறி வந்த இருவருக்கும் எவரால்டோ கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கைபேசியில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அரை மணி நேரம் கள்ளிக்காட்டில் ஓடினான். சாயங்காலம் லாரி வந்ததும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பீப்பாய்களை நிரப்பினான். ஒன்பதாவது வீடு முடிந்ததும் சட்டை முழுக்கச் சேறோடு லிண்டால்வாவிடம் வந்து, படிவத்தையும் பென்சிலையும் கேட்டு வாங்கி, கிணறு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத்தில் எழுதினான்.